ஒரே நாளில் இரண்டு கலர் டிரஸ்: பிறந்தநாள் கணக்கு

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, தன் பிறந்தநாளன்று பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். காலையில் கிளம்பும்போது அப்படி இல்லை. புதுப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, கையில் சாக்லேட் டப்பா. மற்ற எல்லோரும் யூனிஃபார்மில் இருக்கும்போது தான் மட்டும் கலர் டிரஸ்ஸில் வகுப்பு வகுப்பாகப் போய் டீச்சர்களிடம் டப்பாவை நீட்டுவது இருக்கிறதே, அதுதான் அந்த நாளின் பெருமையே.

"புதுசா சேர்ந்த பொண்ணுக்கும் இன்னைக்குத்தான் பர்த்டேயாம்ப்பா. அவளும் கலர் டிரஸ். ரெண்டு பேரையும் நிக்க வச்சு ஒரே பாட்டா பாடி முடிச்சுட்டாங்க. வருஷத்துல 365 நாள் இருக்கு, அவளுக்கு வேற நாளே கிடைக்கலையா?"

நியாயமான கோபம்தான். வருஷத்தில் 365 நாள். வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்கொரு நாள் கொடுத்தாலும் ஒன்பதில் ஒரு பங்கு நாள்தான் செலவாகும். மீதி எல்லாம் காலியாகக் கிடக்கும்போது இருவர் ஒரே நாளில் வந்து இடித்துக்கொள்வானேன்?

ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 89 சதவீதம். 40 பேர்கூட வேண்டாம், 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். பிறந்தநாள் முரண் என்று இதற்குப் பெயர். உண்மையில் முரண் எதுவும் இல்லை. நம் மனசு போடும் கணக்கு தப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே தப்புகிறது என்று பார்ப்போம். "இந்த அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்குமா?" என்று கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? நம் பிறந்தநாளை மனதில் வைத்துக்கொண்டு, "என் தேதியில் பிறந்தவர் இங்கே யாராவது இருப்பாரா?" என்று தேட ஆரம்பிக்கிறோம். அது வேறு கேள்வி. 23 பேர் அறையில் உங்களுடைய தேதி இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். கேட்கப்பட்ட கேள்வியிலோ உங்களுக்குத் தனி இடமே இல்லை. யார் வேண்டுமானாலும் இருவர், எந்தத் தேதியானாலும் சரி.

இந்த 23 பேரும் ஒருவரோடு ஒருவர் கைகுலுக்கித் தங்கள் பிறந்தநாளைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 22 பேரிடம் கைகுலுக்கினால் உங்கள் வேலை முடிந்தது. அறையில் மொத்தம் எத்தனை கைகுலுக்கல் நடந்திருக்கும்? 23 பேர், ஆளுக்கு 22. பெருக்கினால் 506. ராமு சோமுவோடு குலுக்குவதும் சோமு ராமுவோடு குலுக்குவதும் ஒன்றுதான் என்பதால் அதில் பாதி, 253. ஒவ்வொரு கைகுலுக்கலும் ஒரு லாட்டரிச் சீட்டு. பரிசு விழும் வாய்ப்பு 365-இல் ஒன்று. 22 சீட்டு வாங்கியவர் ஏமாறலாம். 253 சீட்டு வாங்கிய கூட்டத்தில் ஒன்றாவது விழுந்தால் அதிசயப்பட என்ன இருக்கிறது?

ஆட்கள் இரண்டு மடங்கானால் ஜோடிகள் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். என் மகளின் வகுப்பில் 40 பேர் என்றால் 780 ஜோடி. அதில் அவள் சம்பந்தப்பட்டவை வெறும் 39. அதனால் வகுப்பில் யாருக்காவது இந்தச் சங்கடம் நேர 89 சதவீத வாய்ப்பு இருந்தாலும், அது அவளுக்கே நேர 10 சதவீதம்தான். அவள் கோபத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு நியாயம் இருந்தது என்றும் சொல்லலாம்.

துல்லியமான கணக்கும் சுலபம்தான். ஒரு சின்னத் தந்திரம் வேண்டும்: ஒத்துப்போகும் வாய்ப்பை நேராகத் தேடாமல், யாருக்குமே ஒத்துப்போகாத வாய்ப்பைக் கண்டுபிடித்து நூறிலிருந்து கழிப்பது. அறைக்குள் ஒவ்வொருவராக வரட்டும். முதல் ஆள் எந்த நாளில் பிறந்திருந்தாலும் கவலையில்லை. இரண்டாமவர் அந்த ஒரு நாளைத் தவிர்க்க வேண்டும், அவருக்கு 365-இல் 364 நாள் பாக்கி. மூன்றாமவருக்கு 363. நான்காமவருக்கு 362. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் காலி நாற்காலி ஒன்று குறைகிறது. 364/365, 363/365, 362/365 என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தொடர்ந்து பெருக்கும்போது மாதக் கடைசிச் சம்பளம் போலக் கரைகிறது. பத்தாவது ஆள் வரும்போது யாருக்கும் ஒத்துப்போகாத வாய்ப்பு 88 சதவீதம். இருபதாவது ஆளில் 59. இருபத்து மூன்றாவது ஆளில் 49.3. நூறிலிருந்து கழித்தால் 50.7, பாதியைத் தாண்டிவிட்டோம். அப்புறம் வேகம்தான்: 30 பேரில் 70 சதவீதத்துக்கு மேல், 50 பேரில் 97, 57 பேரில் 99. செல்போன் கால்குலேட்டரில் நீங்களே பெருக்கிப் பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டுமென்றால் 367 பேர் தேவை. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 தேதிகள்தான் இருப்பதால், 367-ஆவது ஆளுக்குப் புதுத் தேதி கிடையாது. 99 சதவீதத்துக்கு 57 பேர். மீதி ஒரு சதவீதத்துக்கு இன்னும் 310 பேர்! எனக்கு இந்தக் கணக்கிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, காகிதத்தில் சரியாக வருகிறது, நிஜத்தில் வருமா? வருகிறது. 23 என்பது கால்பந்து ரசிகர்களுக்குப் பழகிய எண். இரண்டு அணியிலும் பதினொரு பதினொரு பேர், நடுவில் ஒரு நடுவர், மைதானத்தில் மொத்தம் 23. 2014 உலகக் கோப்பையில் ஒவ்வொரு நாட்டு அணியிலும் 23 பேர்; மொத்தம் 32 அணிகள். கணக்குப்படி பாதி அணிகளில், அதாவது 16 அணிகளில் ஜோடி இருக்க வேண்டும். பிபிசி எண்ணிப் பார்த்தது. சரியாக 16 அணிகளில் இருந்தது. இவ்வளவு கச்சிதமாக வந்தது அதிர்ஷ்டம்தான். 14 அல்லது 19 என்று வந்திருந்தாலும் கணக்கைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்க ஜனாதிபதிகளாக இதுவரை 45 பேர் இருந்திருக்கிறார்கள். 45 பேருக்கு வாய்ப்பு 94 சதவீதம். அங்கேயும் ஒரு ஜோடி இருக்கிறது: ஜேம்ஸ் போல்க் 1795 நவம்பர் 2, வாரன் ஹார்டிங் 1865 நவம்பர் 2. (ஹார்டிங் பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1965 நவம்பர் 2 அன்று பிறந்தவர் ஷாருக் கான். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) நம் நாட்டுப் பிரதமர்கள், தற்காலிகமாக இருந்த குல்சாரிலால் நந்தாவையும் சேர்த்து 15 பேர். 15 பேருக்கு வாய்ப்பு 25 சதவீதம்தான். நேருவில் தொடங்கி நரேந்திர மோடி வரை பட்டியலைப் பார்த்தால், ஒரு ஜோடிகூட இல்லை. மொரார்ஜி தேசாயோ 1896 பிப்ரவரி 29-இல் பிறந்து, போட்டிக்கே ஆள் வராத நாளைப் பிடித்துக்கொண்டார்.

பிரபலங்களின் பிறந்தநாள் என்றதும் நமக்கு வேறொரு பழக்கம் வந்துவிடுகிறது. நவம்பர் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் வார்சாவில் மேரி கியூரி. 1888-இல் திருச்சியில் சி.வி. ராமன். 1954-இல் பரமக்குடியில் கமல்ஹாசன். முதல் இருவரும் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர்கள். "பார்த்தீர்களா, அந்தத் தேதியில் ஏதோ இருக்கிறது" என்று உடனே யாராவது சொல்வார்கள். ஜனவரி 6, கபில்தேவும் ஏ.ஆர். ரஹ்மானும். டிசம்பர் 11, பாரதியாரும் விஸ்வநாதன் ஆனந்தும். ஏப்ரல் 24, ஜெயகாந்தனும் சச்சினும். ஜனவரி 17, எம்.ஜி.ஆரும் முகமது அலியும். இந்தக் கடைசி ஜோடிக்கு நம்மூரில் பொருத்தம் சொல்ல ஆள் தேடவே வேண்டாம், இருவரும் சண்டைக்காரர்கள்!

தேதி குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் செப்டம்பர் 17-ஐக் காட்டுவது வழக்கம். 1879-இல் பெரியார், 1950-இல் நரேந்திர மோடி, 1986-இல் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின். மூவரையும் ஒரே கேக்கைச் சுற்றி நிற்க வைத்தால் கத்தி யார் கையில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

உலகில் பெயர் சொன்னால் தெரிகிற மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 365 நாளில் அவர்களைக் கொட்டினால் ஒவ்வொரு நாளுக்கும் பத்துப் பதினைந்து பேர் விழுந்தே தீர்வார்கள். அதில் பொருத்தமாகத் தெரியும் இருவரை மட்டும் நாம் பொறுக்கி எடுக்கிறோம். பொருந்தாதவர்களை அப்படியே விட்டுவிடுகிறோம். நவம்பர் 7-இல் பிறந்து பெயில் ஆனவர்களை யாரும் பட்டியல் போடுவதில்லை. அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைகிற வேலை இது.

முன்கூட்டியே ஜோடி தெரிந்திருந்தால் கதை வேறு. கவியரசு கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928 ஜூன் 24. இவர்கள் நாம் தேடிப் பொறுக்கிய ஜோடி இல்லை. தமிழ்நாடே ஒன்றாகச் சேர்த்து உச்சரிக்கும் பெயர்கள். இப்படிக் குறிப்பிட்ட இருவருக்கு ஒரே தேதி அமைய வாய்ப்பு 365-இல் ஒன்றுதான். அதனால் இது நவம்பர் 7-ஐவிட உண்மையிலேயே அபூர்வம். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள்: நம் சினிமாவில் கவிஞரும் இசையமைப்பாளரும், நடிகரும் இயக்குநரும், நாயகனும் நாயகியும் என்று சேர்த்துச் சொல்லும் ஜோடிகள் எத்தனை நூறு? அத்தனையிலும் ஒன்று இப்படி அமையவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். கணக்கு இப்படிச் சொன்னாலும், கண்ணதாசன், எம்.எஸ்.வி. விஷயத்தில் எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அது நமக்குக் கிடைத்த கொடுப்பினை என்றே வைத்துக்கொள்கிறேன்.

வருஷமும் சேர்ந்து ஒத்துப்போன புகழ்பெற்ற ஜோடி ஒன்று உண்டு. ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் 1809 பிப்ரவரி 12 அன்று, ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒருவர் கென்டக்கியில் மரக்கட்டை வீட்டில், மற்றவர் இங்கிலாந்தில் வசதியான மருத்துவர் வீட்டில்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் டிசம்பர் 6-ஐச் சொல்வார்கள். ஆர்.பி. சிங், ரவீந்திர ஜடேஜா, கருண் நாயர், ஜஸ்பிரித் பும்ரா, ஷ்ரேயஸ் ஐயர், ஐந்து பேரும் அன்றைக்குப் பிறந்தவர்கள், ஐந்து பேரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்கள். இது நிச்சயம் விசேஷம் என்று நினைத்துத்தான் நானும் கணக்குப் போட உட்கார்ந்தேன். இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்கள் 300-க்கு மேல். அத்தனை பேரில், ஏதாவது ஒரு தேதியில் ஐந்து பேராவது குவிய வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வந்தது. ஐவரும் ஏறக்குறைய ஒரே தலைமுறை என்பதை மட்டும் நான் இன்னும் வியப்புக் கணக்கிலேயே வைத்திருக்கிறேன்.

இதுவரை நான் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டேன்: எல்லா நாளிலும் ஒரே அளவில் குழந்தைகள் பிறக்கின்றன என்று. அப்படிப் பிறப்பதில்லை. நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு, பிறந்த நாள் வேறு, சர்டிபிகேட் நாள் வேறு. என் அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று பாட்டி சொல்வார். சர்டிபிகேட்டில் இருப்பது மே மாதம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தேதி கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக இருக்கும்படி வாத்தியாரே மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். பழைய அரசு ஊழியர்களின் ஓய்வு விழாக்கள் மே 31-இல் மொத்தமாக வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேதிகள் இப்படி ஓரிடத்தில் குவிந்தால் ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது. எல்லோரையும் மே மாதத்தின் 31 நாளுக்குள் அடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், 23 பேர் வேண்டாம், 7 பேரே போதும்.

தேதியை மாற்றிக்கொண்டவர்களில் இளையராஜா தனி ரகம். அவர் பிறந்தது ஜூன் 3, கொண்டாடுவது ஜூன் 2. ஜூன் 3 கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள். அன்று அவரை மட்டுமே வாழ்த்த வேண்டும் என்பதற்காகத் தன் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னால் தள்ளிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நியூட்டனுக்கோ நாட்காட்டியே தேதியை மாற்றியது. அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் இருந்த பழைய நாட்காட்டிப்படி அது 1642 டிசம்பர் 25. இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிப்படி 1643 ஜனவரி 4. பழைய கணக்கில் அவர் வாஜ்பாயின் கூட்டாளி, புதுக் கணக்கில் இல்லை.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் பிறந்தநாளைவிட அதற்குத்தான் மரியாதை. 365 தேதிக்கு 23 பேர் என்றால், 27 நட்சத்திரத்துக்கு எத்தனை பேர்? அதே மாதிரி 26/27, 25/27, 24/27 என்று பெருக்கிக்கொண்டு போனால் ஏழாவது ஆளில் பாதியைத் தாண்டி, வாய்ப்பு 57 சதவீதத்தில் நிற்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமைய வாய்ப்பு 32 சதவீதம், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வீடு. என் அத்தை வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நட்சத்திரம் என்று தெரிந்த நாளிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. பரிகாரம் கேட்டு இரண்டு ஜோசியர்களைப் பார்த்துவிட்டு வந்தார். "அத்தை, தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு வீட்டுல இப்படி இருக்கும்" என்றேன். "அந்த வீடுங்கள்ல எல்லாம் நல்லாவா இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் கணக்கில் விடை இல்லை.

ராசி என்றால் இன்னும் மோசம். 12 ராசிதான் என்பதால் ஐந்து பேர் கூடினாலே 62 சதவீதம்.

இத்தனைக்கும் பொதுவாக ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்த வகைகளின் வர்க்கமூலத்தை எடுங்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். ஏறக்குறைய அத்தனை பேர் கூடினால் பாதி வாய்ப்பு வந்துவிடும். 365-க்கு வர்க்கமூலம் 19 சொச்சம். ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 23. இணையப் பாதுகாப்பில் வேலை செய்பவர்களுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். கோப்புகளுக்குக் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணைப் போட்டு வைப்பார்கள். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வந்துவிட்டால் மோசடிக்கு வழி பிறக்கும். அப்படி ஒரு ஜோடியைத் தேடுகிறவன், இருக்கும் எண்கள் அத்தனையையும் துழாவ வேண்டியதில்லை, வர்க்கமூலம் அளவுக்குத் துழாவினால் போதும். இதற்குப் பிறந்தநாள் தாக்குதல் என்றே பெயர். அதனால்தான் அந்த எண்களை அவ்வளவு நீளமாக வைக்கிறார்கள்.

உங்களுக்கு இதில் எதுவும் நம்பிக்கை வரவில்லையென்றால், டீக்கடை வாசலில் நின்று ஒரு சோதனை செய்யலாம். போகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 00 முதல் 99 வரை நூறு வகை. வர்க்கமூலம் 10, அதோடு 2 சேர்த்தால் 12. சரியாகப் பெருக்கிப் பார்த்தால் பதின்மூன்றாவது வண்டியில் பாதியைத் தாண்டும். இருபது வண்டிக்குள் ஒரே எண் இரண்டு முறை வர 87 சதவீத வாய்ப்பு. போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு நின்று எழுதினேன். இப்போது அவள் பிளஸ் டூ. பதினொன்றாவதாக ஒரு மீன்பாடி வண்டி வந்தது, நம்பரே இல்லை, அதை விட்டுவிட்டோம். பதினாறாவதாக வந்த ஆட்டோவில் 47. தாளில் நான்காவது வரியிலும் 47. "பாவம், அதுக்கும் வேற நம்பர் கிடைக்கல போல" என்றாள்.